பிடி யார் கையில்?

பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் ரத்தக் கொதிப்பும் வயிற்றுப் புண்ணும் மாரடைப்பும் வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். முடிவெடுப்பவர் தலையில்தானே பாரம்? சொன்னதைச் செய்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்புகிறவருக்கு என்ன கவலை? இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அறிவியல் சான்றும் இருந்தது. அந்தச் சான்று சரிந்த விதமும், அதன் இடத்தில் எழுந்த உண்மையும் வேலை செய்து பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. மேலதிகாரி இல்லாமல் தொழிலாளர்கள் தாமே கூடி முடிவெடுத்து நடத்தும் பணியிடங்கள் ஏன் சில இடங்களில் செழிக்கின்றன, சில இடங்களில் ஏன் ஆட்களையே சக்கையாகப் பிழிந்துவிடுகின்றன என்பதற்கான விளக்கமும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

குரங்கும் எலியும் சொன்னவை

அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஜோசப் பிரேடி, 1958இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ரீசஸ் குரங்குகளை இரண்டிரண்டாக நாற்காலியில் கட்டி வைத்து, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒரு குரங்கின் முன்னால் ஒரு நெம்புகோல் இருந்தது. இருபது விநாடிக்கு ஒருமுறையாவது அதை அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டுக்குமே அதிர்ச்சி வராது. மற்றதன் நெம்புகோல் எதனுடனும் இணைக்கப்படாத பொம்மை. ஆறு மணி நேரம் இப்படி, அடுத்த ஆறு மணி நேரம் ஓய்வு. முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த குரங்குகள் குடற்புண் வந்து வீழ்ந்தன. ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த குரங்குகளுக்குப் புண் வரவில்லை. ‘நிர்வாகிக் குரங்குகள்’ என்ற பெயருடன் இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது.

சோதனையில் ஒரு ஓட்டை இருந்தது. எந்தக் குரங்கு எந்த நாற்காலிக்குப் போக வேண்டும் என்பதைப் பிரேடி சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. முன்பயிற்சியில் நெம்புகோலை மற்றவற்றைவிட அதிகமாக அழுத்திய குரங்குகளைத் தேர்ந்தெடுத்து அவற்றையே நிர்வாகிகளாக்கினார். இயல்பிலேயே படபடப்பு மிகுந்தவை ஒரு பக்கமும் நிதானமானவை மறுபக்கமும் சேர்ந்துவிட்டன. புண் பொறுப்பினால் வந்ததா, படபடப்பினால் வந்ததா என்று பிரிக்கவே வழியில்லாமல் போயிற்று.

பத்தாண்டுகள் கழித்து, நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் இதே கேள்வியை எலிகளிடம் கேட்டார். இம்முறை எந்த எலி எந்த இடத்துக்கு என்பதைத் தற்செயலே தீர்மானித்தது. மூன்று எலிகள், மூன்று பெட்டிகள். முதல் எலி ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலியின் வாலும் அதே மின்சுற்றில் இருந்தது. முதல் எலி வாங்கிய அதே அதிர்ச்சியை, அதே அளவில், அதே நொடியில் அதுவும் வாங்கியது. ஆனால் அதன் சக்கரம் சுழன்றாலும் ஒன்றும் நடக்காது. மூன்றாவதற்கு அதிர்ச்சியே இல்லை. பிரேடியின் முடிவு இங்கே தலைகீழாயிற்று. சக்கரத்தின் மேல் பிடி இருந்த எலிக்குக் குறைவான புண். பிடி இல்லாத எலிக்கு மிக அதிகம். இரண்டின் உடலிலும் பாய்ந்த மின்சாரத்தில் துளி வேறுபாடு இல்லை. வளைந்து வளைந்து மலையேறும் பேருந்தில் பயணிகளுக்குக் குமட்டும்போது ஓட்டுநர் மட்டும் நிம்மதியாக இருப்பார். இருவரும் கடப்பது ஒரே வளைவுதான்.

வைஸ் அத்துடன் நிறுத்தவில்லை. 1971இல் அவர் வெளியிட்ட அடுத்த சோதனைகள் இன்னும் நுட்பமானவை. சக்கரத்தைச் சுழற்றியதும் ‘நீ செய்தது பலித்தது’ என்று அறிவிக்கும் ஒலியைச் சேர்த்தபோது, அந்த எலிகளின் புண்கள் அதிர்ச்சியே வாங்காத எலிகளின் அளவை நெருங்கின. பிறகு கொடுமையான ஒரு மாற்றம் செய்தார். சக்கரத்தைச் சுழற்றும் செயலுக்கே ஒரு சிறு அதிர்ச்சியைச் சேர்த்தார். தப்பிக்கவும் அதைத்தான் செய்ய வேண்டும். செய்தாலும் அடி விழும். இந்த நிலையில், பிடி இருந்த எலிகளின் நிலைமை கையாலாகாத எலிகளைவிட மோசமானது.

மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே காரணம் என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். எனவே எலியின் வயிற்றிலிருந்து மனித வயிற்றுக்கு நேராகத் தாவ முடியாது. ஆனால் வைஸ் கண்ட அமைப்பு மூன்று வாசகங்களில் அடங்கும்: பிடி இருந்தால் உடல் தாங்கும், பலன் தெரிந்தால் இன்னும் நன்றாகத் தாங்கும், பிடியைப் பயன்படுத்தியதற்கே தண்டனை கிடைத்தால், பிடியே இல்லாமல் இருப்பதைவிட உடல் மோசமாகச் சிதையும். இனி வரப்போகும் சுரங்கத்திலும் நெசவுக்கூடத்திலும் மருத்துவப் பணியிலும் இந்த மூன்றும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

மூளைக்குள் ஒரு பூட்டு

1967இல் ஸ்டீவன் மேயரும் மார்ட்டின் செலிக்மேனும், தப்பிக்க வழியில்லாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பின்னர் வழி திறந்திருந்தும் படுத்தே கிடப்பதைப் பதிவு செய்தார்கள். ‘எதைச் செய்தும் பயனில்லை’ என்று அவை கற்றுக்கொண்டன என்பது அவர்கள் விளக்கம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் சேர்ந்து அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். இடைக்காலத்தில் மேயர் மூளைக்குள் இறங்கிப் பார்த்திருந்தார்.

துன்பம் நீளும்போது மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்னும் நரம்பணுத் தொகுதி செரோடோனினைப் பாய்ச்சுகிறது. அச்சம் கூடுகிறது, உடல் செயலற்றுப் போகிறது. இதை யாரும் கற்க வேண்டியதில்லை. இது பிறப்பிலேயே உள்ள இயல்பு. கற்க வேண்டியது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தான் செய்வதால் நிலைமை மாறுகிறது என்பதை நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி கண்டறிந்தால், அது கீழே உள்ள அந்தத் தொகுதியைப் பூட்டிவிடுகிறது. ஒருமுறை பூட்டக் கற்ற மூளை, அடுத்து வரும் வேறொரு துன்பத்தின்போதும் எளிதில் முடங்குவதில்லை. தன் செயலுக்குப் பலன் உண்டு என்ற அனுபவம், மூளையில் தடம் பதிக்கும் ஓர் உயிரியல் நிகழ்வு.

லண்டன் அரசு அலுவலகங்களில்

மனிதர்களிடம் இதைச் சோதிக்க லண்டன் அரசு ஊழியர்களைவிட நல்ல குழு கிடைப்பது அரிது. எல்லோருக்கும் நிலையான வேலை, அலுவலக வேலை, ஒரே பொதுமருத்துவ வசதி. பட்டினியோ நச்சுப்புகையோ இல்லை. 1967இல் தொடங்கிய முதல் வைட்ஹால் ஆய்வு, பதவி ஏணியின் அடிப்படியில் இருந்த ஆண்கள் உச்சிப்படியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இதய நோயால் இறந்ததைக் காட்டியது. உயரதிகாரிக்குத்தான் மாரடைப்பு என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் இரண்டாவது ஆய்வு 10,308 ஊழியர்களுடன் தொடங்கியது. எந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அந்த உரிமை மிகக் குறைவாக இருந்தவர்களுக்குப் புதிதாக இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 1997இல் வெளியான முடிவு சொன்னது.

இதற்கு முன்பே, 1979இல், ராபர்ட் கராசெக் இதை ஒரு கோட்பாடாக வகுத்திருந்தார். வேலைப் பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை. பளு மிகுந்து முடிவுரிமை குறையும் இடத்தில்தான் உடைப்பு நிகழ்கிறது. பளுவும் உரிமையும் சேர்ந்து கூடினால் அந்த வேலை மனிதரை வளர்க்கவும் செய்யும். பின்னாளில் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் சக ஊழியரின் ஆதரவு என்ற மூன்றாவது அளவையும் சேர்த்தார்கள். 2012இல் பதின்மூன்று ஐரோப்பிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக்கி, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை ஆராய்ந்தபோது, பளு மிகுந்து உரிமை குறைந்த வேலை இதய நோய் அபாயத்தை 23 விழுக்காடு உயர்த்துவது தெரிந்தது. புகைபிடித்தலின் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் எட்டு மணி நேரம் இதற்குள் வாழ்கிறார்கள்.

சுரங்கத்தின் அடியில்

இத்தனை ஆய்வுகளுக்கும் முன்பே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதைத் தங்கள் உடம்பில் அறிந்திருந்தார்கள். 1947இல் பிரிட்டன் தன் சுரங்கங்களை அரசுடைமையாக்கியது. புது இயந்திரங்கள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றார்கள். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்டும், சுரங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஆய்வாளராக மாறிய கென் பாம்ஃபோர்த்தும் இதன் காரணத்தைத் தேடி, 1951இல் எழுதினார்கள்.

பழைய முறையில் இரண்டு மூன்று பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து, வெட்டுவது முதல் கூரைக்கு முட்டுக் கொடுப்பது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். ஒருவர் மற்றவர் உயிருக்குப் பொறுப்பு. இயந்திரம் வந்த பிறகு வேலை மூன்று ஷிஃப்டுகளாகத் துண்டானது. ஒரு ஷிஃப்ட் வெட்டும், ஒன்று கன்வேயரை நகர்த்தும், ஒன்று கரியை அள்ளும். முந்தைய ஷிஃப்ட் அரைகுறையாக விட்டதை அடுத்த ஷிஃப்ட் சுமந்தது. யாருக்கும் முழு வேலையும் தெரியாது, முழு வேலைக்கும் யாரும் பொறுப்பில்லை. பழி மட்டும் ஒரு ஷிஃப்டிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது.

தென் யார்க்‌ஷயரின் ஒரு சுரங்கத்தில் பாம்ஃபோர்த் வேறொன்றைக் கண்டார். அங்கே தொழிலாளர்கள் புதிய இயந்திரங்களை வைத்துக்கொண்டே பழைய கூட்டுமுறையை மீட்டிருந்தார்கள். பின்னர் டிரிஸ்டின் குழு டர்ஹம் பகுதியில் இதை அளந்து பார்த்தது. ஒரே மாதிரியான கரிப்படுகை, ஒரே தொழில்நுட்பம், இரண்டு விதமான ஏற்பாடு. துண்டாடப்பட்ட முறையில் உற்பத்தி, எட்டக்கூடிய அளவில் 78 விழுக்காடு. யார் எந்த வேலை, எந்த ஷிஃப்ட் என்பதைக் குழுவே முடிவு செய்து, கூலியையும் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட முறையில் 95 விழுக்காடு. வேலைக்கு வராத ஷிஃப்டுகள் முதலாவதில் 20 விழுக்காடு, இரண்டாவதில் 8.2. விபத்தால் இழந்தவை 6.8இலிருந்து 3.2ஆகக் குறைந்திருந்தன. ஆளின் நலமும் வேலையின் விளைச்சலும் ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறும் பேரமாக அங்கே இருக்கவில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தன.

அகமதாபாத்தின் தறிகள்

இந்த அறிவு இந்தியாவுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1953இல் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ், அகமதாபாத் கேலிகோ மில்லின் தானியங்கித் தறிக்கூடத்தை ஆராய்ந்தார். வேலை 12 வகைகளாகப் பிரிந்திருந்தது. ஒரே தறி நின்றாலும், அதை மீண்டும் ஓடவைக்க வெவ்வேறு தறிகளின் கணக்கு வைத்திருந்த வெவ்வேறு ஆட்கள் வர வேண்டும். குறிப்பிட்ட சில தறிகளைக் குறிப்பிட்ட சிலர் சேர்ந்து முழுமையாகக் கவனித்துக்கொண்டால் என்ன என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதை உடனே பற்றிக்கொண்டு, தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்தார்கள். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பிறகு தறிக்கூடத்தின் திறன் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து 95க்கு உயர்ந்தது. பழுதான துணி 32 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது.

இந்தக் கதையின் அரிய பகுதி அதன் பிற்பகுதி. டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் 1970இல் அங்கே திரும்பிச் சென்று பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை ஏறத்தாழ அப்படியே உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பழைய முறை திரும்பியிருந்தது. சந்தையும் துணி வகைகளும் மாறி நெருக்கடி கூடியபோது, அந்த நெருக்கடியைத் தடுத்துக் குழுவுக்கு மூச்சுவிட இடம் தர நிர்வாகம் நிற்கவில்லை. தாமே இயங்கும் குழு என்றால் மேலே உள்ளவர்களுக்கு வேலையே இல்லை என்று பொருளல்ல. குழுவின் எல்லையைக் காப்பது அவர்களுடைய வேலை. அதைக் கைவிட்டால் எவ்வளவு நல்ல குழுவும் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

மேலாளர் இல்லாத செவிலியர்கள்

இந்த எல்லை காக்கும் பணியை நன்றாகச் செய்து காட்டிய நிறுவனம் நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கே வீடு தேடிப் போகும் செவிலியர் சேவை 1990களில் தொழிற்சாலைப் பாணிக்கு மாறியிருந்தது. குளிப்பாட்ட இத்தனை நிமிடம், ஊசி போட இத்தனை நிமிடம் என்று கணக்கு. யார் எங்கே போவது என்பதை எங்கோ இருந்த திட்டமிடல் அலுவலகம் முடிவு செய்தது. ஒரு முதியவரின் வீட்டுக்குள் ஒரே மாதத்தில் பல புதிய முகங்கள் வந்துபோயின. செவிலியராக இருந்து மேலாளராகவும் உயர்ந்த யோஸ் த ப்ளோக், இதைத் தாங்க முடியாமல் வெளியேறி, 2006இல் நான்கு செவிலியர்களுடன் பூர்ட்சோர்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அங்கே ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். அதற்கு மேல் வளர்ந்தால் குழு இரண்டாகப் பிரியும். யாரைப் பார்ப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு எப்போது லீவு, அலுவலகத்தை எங்கே வாடகைக்குப் பிடிப்பது என எல்லாவற்றையும் குழுவே முடிவு செய்கிறது. தலைவர் கிடையாது. நிறுவனம் பத்தாயிரம் செவிலியர்கள் என்ற அளவுக்கு வளர்ந்தபோதும் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐம்பதைச் சுற்றியே. சம்பளப் பட்டுவாடா, ஒப்பந்தம், கணினி போன்ற தலைவலிகளை அந்தச் சிறு அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. குழு சிக்கலில் மாட்டினால் உதவ ஆலோசகர்கள் உண்டு. அவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. கூட்டத்தை எப்படி நடத்துவது, கருத்து மோதலை எப்படித் தீர்ப்பது என்பதற்கு எல்லோருக்கும் பயிற்சி உண்டு. தன் குழுவின் நேரமும் பலனும் மற்ற குழுக்களோடு ஒப்பிடும்போது எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொரு செவிலியரும் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். வைஸின் எலிக்குக் கேட்ட அந்த ஒலி இங்கே மனிதருக்குத் தேவையான வடிவில் கிடைக்கிறது.

பூர்ட்சோர்க் நோயாளி ஒருவருக்குச் செலவிடும் நேரம் மற்ற நிறுவனங்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு என்று 2009இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நோயாளியே தன்னைக் கவனித்துக்கொள்ளவும், அக்கம்பக்கத்தார் உதவவும் செவிலியர் வழிசெய்வதால் இந்தக் குறைவு. உடல்நலக் குறைவால் எடுக்கும் விடுப்பு மற்ற செவிலியர் நிறுவனங்களைவிட 60 விழுக்காடும், வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கும் குறைவு என்று 2014இல் ஃப்ரெடரிக் லாலூ தன் நூலில் பதிவு செய்தார். மருத்துவமனை, முதியோர் இல்லச் செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் சேமிப்பு பெருமளவு சுருங்குகிறது என்று பின்னர் கேபிஎம்ஜி ஆய்வு திருத்தியது. சேமிப்புக் கணக்கு சுருங்கினாலும், நாட்டின் மிகச் சிறந்த பணியிடம் என்ற விருதை அந்நிறுவனம் பலமுறை பெற்றது.

சகாக்களே காவலர் ஆகும்போது

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. ஜேம்ஸ் பார்க்கர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, தன்னாட்சிக் குழுக்களைப் பற்றிப் பேசும் எவரும் தாண்டிப் போகக் கூடாத ஒன்று. அமெரிக்காவில் மின்னணுப் பலகைகள் தயாரித்த ஒரு சிறு தொழிற்சாலை 1988இல் மேற்பார்வையாளர்களை எடுத்துவிட்டுக் குழுக்களிடம் வேலையை ஒப்படைத்தது. முதலில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். மெல்ல மெல்லக் குழுவின் நல்லெண்ணங்கள் விதிகளாக இறுகின. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அன்றைய கணக்கில் கைவைக்கும் விதி பிறந்தது. முன்பு மேற்பார்வையாளர் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார். இப்போது பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நண்பர்கள் என்பதாலேயே அவர்களை எதிர்க்கவும் முடியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய குற்றவுணர்ச்சியே அவரைக் கண்காணித்தது.

பெண்ணியச் சிந்தனையாளர் ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் இதன் இன்னொரு முகத்தைக் காட்டியிருந்தார். அமைப்பே வேண்டாம் என்று சொல்லும் குழுவிலும் அதிகாரம் மறைவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத நட்பு வட்டங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தெரியும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கலாம். தெரியாததை என்ன செய்வது?

இங்கே வைஸின் மூன்றாவது சோதனை நினைவுக்கு வர வேண்டும். “முடிவு உங்களுடையது” என்று சொல்லிவிட்டு ஆள், பணம், நேரம் எதையும் தராமல், இலக்கை மட்டும் மேலிருந்து ஏற்றிக்கொண்டே போகும் நிறுவனம், சக்கரத்தைச் சுழற்றும் எலிக்கே அதிர்ச்சி கொடுக்கிறது. ஊழியர் முடிவெடுத்தாலும் தோல்வி, எடுக்காவிட்டாலும் தோல்வி. தோற்றால் பழியும் அவர் தலையிலேயே விழும். இப்படிப்பட்ட தன்னாட்சி, ஆணைக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வதைவிடக் கேடானது.

எதைச் சரிசெய்வது?

இன்று பல நிறுவனங்கள் ஊழியர் நலம் என்றதும் யோகா வகுப்பு, தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி என்று இறங்குகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்தார். இத்தகைய தனிநபர் திட்டங்களில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட எந்த வகையிலும் நலமாக இல்லை. தொண்டுப் பணி வாய்ப்பு மட்டுமே சற்றே விதிவிலக்காகத் தெரிந்தது. யோகாவில் குறையில்லை. வேலையின் அமைப்பில் உள்ள நோய்க்கு ஊழியரின் உடம்பில் மருந்து தடவுகிறோம் என்பதுதான் குறை.

வேலையின் அமைப்பை மாற்ற எந்தப் புதிய இயந்திரமும் தேவையில்லை. டர்ஹம் சுரங்கத்தில் இயந்திரம் மாறவில்லை. அகமதாபாத்தில் தறி மாறவில்லை. மாறியது ஏற்பாடு. ஒரு பள்ளியோ, மருத்துவமனை வார்டோ, மென்பொருள் அலுவலகமோ, நெசவு மில்லோ, எதை நடத்துகிறவரும் நான்கு கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம். வேலையைச் செய்கிறவருக்கே அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதா? அவர் செய்ததன் பலன் அவருக்கே தெரிகிறதா? நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பிசகினால் அவருக்குத் தண்டனையா, துணையா? வெளி நெருக்கடியிலிருந்து அவருடைய குழுவைக் காக்க யாராவது நிற்கிறார்களா? நான்கிற்கும் நேர்மையாக ஆம் என்று சொல்ல முடிகிற இடத்தில் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் நோயில்லாமல் நன்றாக உழைப்பார்கள். முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லி மற்ற மூன்றைக் கைவிடுகிற இடத்தில், தன்னாட்சி என்ற நல்ல பெயராலேயே மனிதர்கள் தேய்ந்துபோவார்கள்.

முடிவெடுக்கும் உரிமையை நாம் இதுவரை பதவி உயர்வோடு வரும் சலுகையாகவே நினைத்து வந்திருக்கிறோம். சுத்தமான காற்றையும் போதிய வெளிச்சத்தையும் போலப் பணியிடத்தின் அடிப்படைச் சுகாதார வசதியாக அதை நடத்தத் தொடங்கும் காலம் வந்துவிட்டது.